அணுவினும் சிறியதைக் கண்ட ஆசான்: சேர் ஜே. ஜே. தொம்சன்

உலகத்துப் பொருள்கள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கூறுகளால் ஆயவை என்பது மிகப் பழைய கொள்கை. அக்கூறுகளுக்குக் கிரேக்க நாட்டறிஞர் இட்ட பெயர், பகுக்கவொண்ணாதது என்னும் பொருளுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, இங்கிலாந்திலுள்ள மஞ்செஸ்டர் நகரில் மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லி வாழ்ந்த ஜோன் தால்ற்றன் என்பார், அக்கொள்கையைப் புதுக்கி இரசாயன நூலுக்கு அடிப்படையாக அமைத்தார். 1808 ஆம் ஆண்டில் அவர் வெளியிடத் தொடங்கிய நூல் அறிஞருலகிலே பரவியபின், அணுவே பொருளின் ஈற்றெல்லை, அதனைக் கடந்து உட்செல்ல வழியில்லை என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. ஏறக்குறையத் தொண்ணூறாண்டுகள் அவ்வெண்ணம் அசையாது நின்றது. அதனை அசைத்தவரும் அதே மஞ்செஸ்டர் நகரிற் பிறந்த ஒருவரே. அவர்தாம் சேர் ஜோசப் ஜோன் தொம்சன்.

இதனை எழுதுபவன் தமிழ் கற்பிப்போன், பௌதிகம் கற்பிப்போனல்லன். ஆயினும், ஒரு பெரியாருடைய வரலாற்றை அறிதற்கு அவர் துறையில் வல்லுநராதல் வேண்டுமென்பதில்லை. தொம்சன் கண்டுபிடிப்பாளர் மட்டுமல்லர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் ஆய்வுகூடத்தைத் தலைமை தாங்கி நடத்திய ஆசிரியர். தம்மிடம் பயின்றோர் தம்மை விஞ்சி நிற்பதைக் கண்டு மகிழ்ந்தவர். அத்தகையவரின் வாழ்க்கை, கல்லூரியொன்றின் விழா மலரிலே நினைக்கத்தக்கது என்னும் துணிவினால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

தொம்சன் 1856 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆந் திகதி மஞ்செஸ்டரின் ஒரு பகுதியாகிய சீதம் ஹில்லிற் பிறந்தார். தந்தையார் புத்தக வியாபாரி. பழைய நூல்களை வாங்கி விற்கும் அத்தொழில் அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்தது. செல்வர் வீடு என்று சொல்லத்தக்கதன்று. எனினும் நூல்களுக்குக் குறைவில்லாத வீடு. அக்காலத்தில் வெப்பத்துக்கும் வேலைக்குமுள்ள தொடர்பை அளந்து புகழ்பெற்ற யூல் என்னும் விஞ்ஞானியும் அந்நகரத்தவரே. ஒருநாள் தந்தையார் தம் மைந்தனை அப்பெரியாருக்கு அறிமுகஞ் செய்துவைத்தார். இவரைக் கண்டதாகச் சொல்லிக்கொள்வதில் நீ பிற்காலத்திற் பெருமையடைவாய் என்றும் அவர் மகனுக்குக் கூறினாராம். புத்தகம் விற்றவராயினும், அறிவுடையாரை மதிக்கும் பண்பினைத் தம் பிள்ளைக்கு ஊட்டிய அத்தந்தையாரை நாம் மறத்தலாகாது.

மகனை எந்திரப் பொறியியலாளனாக்க வேண்டுமென்பதே பெற்றோர் விருப்பம். புகைவண்டி எந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றிலே தொழில் பழகுநராகச் சேர்ப்பதற்கு ஏற்பாடு செய்தனர். அதற்கு முன்பணமாகப் பெருந்தொகை கட்டவேண்டும். அன்றியும் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். அக்காலத்தை வீணாக்காதிருக்கும் பொருட்டு, 1870 ஆம் ஆண்டிலே, பதினான்கு வயதுச் சிறுவனாகிய தொம்சன் நகரத்திலிருந்த ஓவன்ஸ் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். ஓர் இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய அக்கல்வியே அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றியது. கணிதத்திற்குப் பாக்கர், பௌதிகத்திற்குப் பல்போர் ஸ்ரூவேட், பொறியியலுக்கு ஒஸ்போண் றெனோல்ட்ஸ் என்னும் பேராசிரியர்கள் அங்கே கற்பித்தனர். அவர்களைப் போன்ற ஆசிரியர்கள் ஒரே காலத்தில் ஒரே கல்லூரியில் வாய்த்தல் அரிது.

1873 ஆம் ஆண்டிலே தந்தையார் காலமானார். தொம்சனுக்கு அப்போது வயது பதினாறு. தொழிற்சாலைக்குக் கட்டவேண்டிய முன்பணத்தைக் கொடுக்கக் குடும்பத்துக்கு இயலவில்லை. பெற்றோர் வகுத்த வழி அடைபட்டது. எஞ்சியிருந்தது ஒரே வழி: உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்தல். தாயார் கல்லூரிக்கு அண்மையிலே சிறியதொரு வீட்டிற்குக் குடிபெயர்ந்து, இரு பிள்ளைகளையும் வளர்த்தார். கல்லூரியிற் கிடைத்த பரிசில்களும் உபகாரச் சம்பளங்களுமே மூத்த மகனின் கல்விக்கு ஆதாரமாயின. முன்பணம் கட்டப்பட்டிருந்தால் மஞ்செஸ்டரில் இன்னுமொரு பொறியியலாளர் இருந்திருப்பார், அவ்வளவே. குடும்பத்துக்கு நேர்ந்த இடரொன்று விஞ்ஞான உலகிற்கு ஓர் ஆக்கமாய் முடிந்தது. ஆயினும் அவ்விடர் தானாக ஆக்கமாயிற்றென எண்ணிவிடுதல் கூடாது. அதனை ஆக்கமாக மாற்றியவை தாயாரின் சிக்கனமும் மகனின் உழைப்புமேயாம்.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த திறினிற்றிக் கல்லூரியிலே உபகாரச் சம்பளத்துக்கான பரீட்சைக்கு 1875 ஆம் ஆண்டில் அவர் தோற்றினார், வெற்றி கிட்டவில்லை. அடுத்த ஆண்டு மீண்டுந் தோற்றி வென்று, 1876 ஆம் ஆண்டில் அக்கல்லூரியிற் புகுந்தார். அன்று தொட்டு இறக்கும்வரை அறுபத்துநான்கு ஆண்டுகள் அக்கல்லூரித் தொடர்பு அவரை விட்டு நீங்கியதில்லை. 1880 ஆம் ஆண்டிலே நடந்த கணித சிறப்புப் பரீட்சையில் அவர் இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் ஜோசப் லாமர் என்பவர். அவரும் பின்னர்ப் பெரும் பௌதிகராய் விளங்கியவர். பின்னர்த் தொம்சன் திறினிற்றிக் கல்லூரியின் உறுப்பாளராகத் தெரிவு செய்யப்பட்டார்.

கேம்பிரிட்ஜிலுள்ள கவெண்டிஷ் ஆய்வுகூடம் 1874 ஆம் ஆண்டிலே பிறீ ஸ்கூல் ஒழுங்கையில் திறக்கப்பட்டது. அதன் முதற் பேராசிரியர் மின்காந்தக் கொள்கையை வகுத்த மக்ஸ்வெல். அவருக்குப் பின் வந்தவர் றேலி பிரபு. 1884 ஆம் ஆண்டிலே றேலி பிரபு விலகியதும், அப்பதவிக்கு அனுபவம் மிக்க பலர் விண்ணப்பித்தனர். தொம்சனுக்குக் கற்பித்த றெனோல்ட்ஸ் அவர்களும் அவர்களுள் ஒருவர். தெரிவு செய்யப்பட்டவரோ, இருபத்தெட்டு வயதை அப்போதுதான் எய்திய தொம்சன். சிறுவரைப் பேராசிரியராக்கும் காலமும் வந்துவிட்டதோ என்று குறைப்பட்டுக்கொண்டாரும் உளர். அக்குறையில் ஓரளவு நியாயமும் இருந்தது. அவர் அதுவரை பெயர் பெற்றது கணிதத்திலேயாம், பரிசோதனையிலன்று.

கருவிகளைக் கையாளுவதில் அவர் தேர்ந்தவரல்லர் என்பதும் உண்மையே. அவர் கைபட்டால் கண்ணாடிக் குழாய் உடையுமோ என்று உதவியாளர் அஞ்சுவராம். ஆகவே கண்ணாடி ஊதுவதிலும் கருவி அமைப்பதிலும் வல்லவரான எபனீசர் எவரெற் என்னும் உதவியாளரே அவருடைய நுண்ணிய கருவிகளை ஆக்கிக் கொடுத்தார். ஆயினும், ஒரு கருவி ஏன் எண்ணியவாறு இயங்கவில்லை என்பதைக் கண்டறிந்து சொல்வதில் தொம்சனுக்கு நிகரானவர் அரியர். கை எவரெற்றினுடையது, கருத்துத் தொம்சனுடையது. பெரிய கண்டுபிடிப்புகளின் பின்னே பெயர் பொறிக்கப்படாத இத்தகைய கைகள் இருந்தன என்பதை நம் மாணாக்கர் உணர்தல் வேண்டும்.

1890 ஆம் ஆண்டிலே அவர் றோஸ் பேஜற் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் கேம்பிரிட்ஜ் மருத்துவப் பேராசிரியரின் மகள். கவெண்டிஷ் ஆய்வுகூடத்திலே தாமும் பயின்றவர். அவர்களுக்கு ஜோர்ஜ் என்னும் ஆண்மகவும், ஜோன் என்னும் பெண்மகவும் பிறந்தனர். அம்மைந்தரைப் பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

இனி, தொம்சனின் பெயரை நிலைநாட்டிய ஆராய்ச்சிக்கு வருவோம். ஒரு கண்ணாடிக் குழாயின் இருபுறத்தும் உலோகத் தகடுகளைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றி, உயர்ந்த மின்னழுத்தத்தைச் செலுத்தினால், எதிர்மின் தகட்டிலிருந்து ஏதோவொன்று புறப்பட்டு எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியிற் பட்டு அதனைப் பச்சை நிறமாய் ஒளிரச் செய்கின்றது. எதிர்மின் தகடு கதோட்டு எனப்படுதலின், அவ்வேதோவொன்று கதோட்டுக் கதிர் எனப் பெயர் பெற்றது. ஜெர்மனியிலே புளூக்கர் 1858 ஆம் ஆண்டளவில் இவ்வொளிர்வை ஆராய்ந்தார். வழியில் ஒரு பொருளை வைத்தால் அதன் நிழல் எதிர்ப்பக்கத்திற் படிவதையும், காந்தத்தை அருகே கொண்டுவந்தால் கதிர் வளைவதையும் அவரும் பின்வந்தோரும் கண்டனர்.

அக்கதிர் யாது? இவ்வினாவிலே அறிஞர் இரு கட்சியினராயினர். இங்கிலாந்திலே குறூக்ஸ் முதலியோர், அது மின்னேற்றம் பெற்ற துகள்களின் ஓட்டம் என்றனர். ஜெர்மானிய அறிஞர் பலரோ, ஒளியைப் போல அஃதும் ஈதர் என்னும் ஊடகத்தில் எழும் ஒருவகை அசைவு என்றனர். வானொலி அலைகளை உலகிற்குக் காட்டிய ஹேர்ட்ஸ் பின்னைய கட்சியைச் சார்ந்தவர். அவர் 1883 ஆம் ஆண்டிலே ஒரு பரிசோதனை செய்தார். கதிர் மின்னேற்றமுடைய துகளாயின், மின்னேற்றிய இரு தகடுகளின் இடையே செல்லும்போது ஒரு பக்கம் விலகுதல் வேண்டுமன்றோ? ஹேர்ட்ஸ் தகடுகளை வைத்துப் பார்த்தார், கதிர் விலகவில்லை. ஆகவே அது துகளன்று என முடிவு கட்டினார். மேலும், மிக மெல்லிய உலோகத் தாளினூடே இக்கதிர்கள் புகுந்து செல்வதை அவரும் அவர் மாணாக்கர் இலெனாட்டும் காட்டினர். அணுக்கள் உலோகத்தைத் துளைத்துச் செல்வது எங்ஙனம் எனக் கேட்டவர்க்கு மறுமொழி கூறுதல் எளிதாயிருக்கவில்லை. மறுபுறத்தில், பிரான்சு நாட்டுப் பெறின் 1895 ஆம் ஆண்டிலே, இக்கதிர்கள் விழும் உலோகக் கூட்டில் எதிர்மின்னேற்றம் சேர்வதைக் காட்டினார். வழக்குத் தீர்ந்தபாடில்லை.

அக்காலத்திலே இரண்டு நிகழ்ச்சிகள் தொம்சனுக்குத் துணையாயின. முதலாவது, வேறு சர்வகலாசாலைகளிற் பட்டம் பெற்றோரும் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணாக்கராகச் சேரலாமென 1895 ஆம் ஆண்டில் விதி மாற்றப்பட்டமை. அதன் பயனாக நியூசிலாந்திலிருந்து றதர்போட், அயர்லாந்திலிருந்து ரவுண்சென்ட் முதலிய இளைஞர் வந்து சேர்ந்தனர். இரண்டாவது, அவ்வாண்டு இறுதியில் ஜெர்மனியிலே றொண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தமை. எக்ஸ்-கதிர் பட்ட வாயு மின்னைக் கடத்துகின்றது என்பதைத் தொம்சனும் றதர்போட்டும் 1896 ஆம் ஆண்டிலே ஆராய்ந்து, வாயுவிலே மின்னேற்றமுள்ள அயன்கள் தோன்றுதலே அதற்குக் காரணமென விளக்கினர்.

இவ்வறிவே ஹேர்ட்ஸின் பரிசோதனையைத் திறக்குஞ் சாவியாயிற்று. தொம்சனும் முதலில் ஹேர்ட்ஸ் கண்டதையே கண்டார். தகடுகளின் இடையே கதிர் விலகி நிற்கவில்லை. ஆயினும் அதனோடு அவர் அமையவில்லை. குழாயினுள்ளே சிறிதளவு வாயு எஞ்சியிருக்கின்றது; கதிர்கள் அவ்வாயுவை மின்கடத்தியாக்குகின்றன; அதில் தோன்றும் அயன்கள் தகடுகளிற் போய்ச் சேர்ந்து அவற்றின் மின்வலியை மறைத்துவிடுகின்றன என்று அவர் எண்ணினார். அங்ஙனமாயின் வாயுவை இன்னும் வெளியேற்ற வேண்டும். அக்காலத்துப் பம்பிகளைக் கொண்டு அவ்வேலையைச் செய்வது சிரமமான காரியம். பலகால் முயன்று, வெற்றிடம் மேலும் திருந்தியபின், கதிர் விலகியது. இரண்டே வோல்ற்று அளவுள்ள சிறிய மின்னழுத்தமும் அதனை விலகச் செய்யப் போதுமானதாயிருந்தது. எதிர்மின்னேற்றம் பெற்ற துகள் எத்திசையில் விலகவேண்டுமோ அத்திசையிலேயே அது விலகிற்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஹேர்ட்ஸ் பரிசோதனையில் வல்லவர். தொம்சனோ கைத்திறன் குறைந்தவர். இருவரும் கண்ட காட்சி முதலில் ஒன்றே. விலகவில்லை என்னும் விடையை ஹேர்ட்ஸ் இயற்கையின் விடையாகக் கொண்டார். தொம்சன் அதனைக் கருவியின் விடையாக இருக்கலாமென ஐயுற்றார். அவ்வையமே இலத்திரனுக்கு வாயிலாயிற்று.

பெறின் செய்த பரிசோதனையையும் அவர் திருத்திச் செய்தார். மின்னேற்றம் கதிரோடு உடன்வருவதேயன்றிக் கதிரே அதுவன்று எனச் சிலர் வாதித்தனர். தொம்சன் மின்னேற்றத்தைச் சேர்க்கும் கூட்டினைக் கதிரின் நேர்வழியிலன்றிப் பக்கத்தே வைத்தார். கதிர் நேரே செல்லும்போது கூட்டில் மின்னேற்றம் மிகச் சிறிதே. காந்தத்தால் கதிரை வளைத்துக் கூட்டின் வாயிலிற் புகச் செய்தவுடன், எதிர்மின்னேற்றம் பெருமளவிற் சேர்ந்தது. கதிர் எங்கே செல்லுமோ மின்னேற்றமும் அங்கேயே செல்லும். இரண்டும் பிரிக்கவியலாதவை என்பது தெளிவாயிற்று.

துகளாயின் அதன் தன்மை யாது? இதனை அறிய அவர் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. கதிர் செல்லும் வழியிலே மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒன்றையொன்று எதிர்க்குமாறு அமைத்தார். ஒன்று கதிரை மேலே தள்ள, மற்றது கீழே தள்ளும். மின்புலத்தின் தள்ளுகை துகளின் வேகத்தைப் பொறுத்ததன்று. காந்தப்புலத்தின் தள்ளுகையோ வேகத்துக்கேற்ப மிகும். இரண்டும் சமமாகிக் கதிர் நேரே செல்லும்போது, அப்புலங்களின் அளவிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். அவ்வேகம் ஒளியின் வேகத்திற் பத்திலொரு பங்கு அளவினதாக, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 30,000 கிலோமீற்றராக இருந்தது. பின்னர் ஒரு புலத்தை மட்டும் செலுத்தி, குழாயின் முனையில் ஒட்டிய அளவுகோலிலே கதிர் எவ்வளவு விலகுகின்றதெனப் பார்த்தால், துகளின் திணிவுக்கும் மின்னேற்றத்துக்குமுள்ள விகிதம் புலனாகும்.

கிடைத்த எண் வியப்புக்குரியதாயிருந்தது. அறிந்த அணுக்களுள் மிக இலேசானது ஐதரசன். ஐதரசன் அயனுக்குரிய விகிதத்தில் ஏறக்குறைய ஆயிரத்திலொரு பங்கே இத்துகளுக்குரிய விகிதமாக இருந்தது. குழாயினுள்ளே காற்றை வைத்தாலும் ஐதரசனை வைத்தாலும் காபனீரொட்சைட்டை வைத்தாலும் அவ்விகிதம் மாறவில்லை. தகடு அலுமினியமாயினும் பிளாற்றினமாயினும் அவ்வாறே. ஆகவே இத்துகள் ஏதேனும் ஒரு பொருளுக்கே உரியதன்று. எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானது. அணுவினும் பன்மடங்கு சிறியதாதலின், அஃது உலோகத் தாளினூடே நுழைந்து செல்வதும் வியப்பன்று. ஜெர்மானிய அறிஞர் துகட்கொள்கைக்கு மாறாகக் காட்டிய சான்றே இப்போது அதற்கு ஆதரவாய்த் திரும்பியது.

1897 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 30 ஆந் திகதி வெள்ளிக்கிழமை மாலை, இலண்டனிலுள்ள றோயல் நிறுவனத்திலே தொம்சன் இம்முடிபை வெளியிட்டார். அணுவிலும் சிறியதொரு பொருள் உண்டு. அதுவே எல்லா அணுக்களுக்கும் உறுப்பாக உள்ளது என்பது அவர் கூற்று. கேட்டோர் பலர் நம்பவில்லை. அவையிலிருந்த பெயர்பெற்ற பௌதிகர் ஒருவர், தொம்சன் தங்களை வைத்து வேடிக்கை செய்கின்றார் என்றே தாம் நினைத்ததாகப் பிற்காலத்தில் அவரிடமே சொன்னாராம். அவ்வாண்டு ஒக்தோபர் மாதத்தில் அளவுகள் யாவும் அடங்கிய விரிவான கட்டுரை வெளிவந்தது.

உண்மையை மறையாது கூறுவதாயின், அவ்வாண்டிலே இவ்வழியில் நடந்தவர் தொம்சன் ஒருவரேயல்லர். கோனிக்ஸ்பேர்க் நகரிலே வீக்கேர்ட் என்பார் 1897 ஜனவரியிலேயே, கதோட்டுக் கதிரிலுள்ள துகள் அணுவிலும் மிகச் சிறியதென அறிவித்தார். பேர்லினிலே கௌப்மன் என்பார் அவ்விகிதத்தை நுட்பமாக அளந்தார். ஆயினும் அது புதியதொரு துகளைக் காட்டுகின்றதென உரைக்க அவர் துணியவில்லை. ஒல்லாந்து நாட்டிலே சீமன் 1896 ஆம் ஆண்டிற் கண்ட ஒளி பற்றிய உண்மையும் இத்தகைய விகிதத்தையே சுட்டிற்று. எனினும், பலவகைப் பரிசோதனைகளை ஒருங்கு சேர்த்து, எல்லா அணுக்களின் உறுப்பும் இதுவென்று துணிந்து கூறி, அத்துணிவை விடாது நிறுவியவர் தொம்சனே. ஆதலால் முதற்பெருமை அவருக்கு உரியதாயிற்று.

விகிதம் தெரிந்ததே தவிர, மின்னேற்றம் வேறாகவும் திணிவு வேறாகவும் தெரியவில்லை. மின்னேற்றம் மிகப் பெரிதாயிருப்பினும் அவ்விகிதம் வருமன்றோ என்று வினவுவார்க்கு விடை வேண்டும். அவருடைய மாணாக்கருள் ஒருவரான வில்சன், அயன்களைச் சுற்றி நீர்த்துளிகள் படிந்து முகில் உண்டாகும் என்பதைக் கண்டிருந்தார். அம்முகில் விழும் வேகத்திலிருந்து துளியின் பருமனையும், அதிலிருந்து துளிகளின் எண்ணிக்கையையும், மொத்த மின்னேற்றத்திலிருந்து ஒரு துளிக்குரிய மின்னேற்றத்தையும் தொம்சன் கணக்கிட்டார். 1899 ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட அவ்வளவின்படி, இத்துகளின் மின்னேற்றம் ஐதரசன் அயனின் மின்னேற்றத்துக்குச் சமமே. ஆகவே சிறியது திணிவுதான் என்பது உறுதியாயிற்று. பின்னர் அமெரிக்காவில் மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அம்மின்னேற்றத்தை இன்னுந் துல்லியமாக அளந்தார். ஐதரசன் அணுக் கருவின் திணிவில் ஏறத்தாழ 1836 இல் ஒரு பங்கே இத்துகளின் திணிவென்பது இன்று நாம் அறிந்தது.

அதற்கு இலத்திரன் என்னும் பெயரை இட்டவர் தொம்சனல்லர். மின்னேற்றத்தின் மிகச் சிறிய அலகுக்கென அயர்லாந்து அறிஞர் ஸ்ரோணி 1891 ஆம் ஆண்டிலே அமைத்த பெயர் அது. தொம்சன் தாம் கண்டதை நுண்துகள் என்னும் பொருள்படும் வேறொரு பெயராலேயே நெடுங்காலம் வழங்கினார். உலகம் கண்டுபிடித்தவர் இட்ட பெயரைக் கைவிட்டு, முன்னவர் இட்ட பெயரை ஏற்றுக்கொண்டது.

1906 ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1908 இல் சேர் பட்டமும், 1912 இல் ஓடர் ஒவ் மெறிற் என்னும் சிறப்பும் கிடைத்தன. 1915 தொடக்கம் 1920 வரை அவர் றோயல் சங்கத்தின் தலைவராய் விளங்கினார். இதனிடையே 1912 ஆம் ஆண்டளவில், அஸ்ரன் என்னும் உதவியாளருடன் செய்த ஆராய்ச்சியில், நியோன் என்னும் வாயுவிலே இருவேறு திணிவுடைய அணுக்கள் இருப்பதற்கான அடையாளத்தையுங் கண்டார். அவ்வழியே தொடர்ந்து சென்ற அஸ்ரன் 1922 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றார்.

பெரியோர் கொள்கைகள் யாவும் நிலைபெறுவனவல்ல. அணுவினுள்ளே எதிர்மின்னேற்றமுள்ள இலத்திரன்கள் உளவாயின், அணு முழுமையும் நடுநிலையாய் இருத்தற்கு நேர்மின்னேற்றமும் உள்ளே இருத்தல் வேண்டும். அந்நேர்மின்னேற்றம் ஓர் உருண்டையாய்ப் பரந்திருக்க, கேசரியிலே முந்திரிகைவற்றல் பதிந்திருப்பதுபோல இலத்திரன்கள் அதனுட் பதிந்திருக்கின்றன என்று 1904 ஆம் ஆண்டிலே தொம்சன் ஓர் அமைப்பை விவரித்தார். அவ்வமைப்பு ஏழாண்டுகளே நிலைத்தது. 1911 ஆம் ஆண்டில், நேர்மின்னேற்றம் முழுவதும் அணுவின் நடுவே மிகச் சிறியதொரு கருவிற் செறிந்துள்ளது என்று ஒருவர் நிறுவினார். அவர் தொம்சனின் மாணாக்கராகிய றதர்போட். நிறுவிய இடம் தொம்சன் பிறந்த மஞ்செஸ்டர் நகரம். தால்ற்றன் பகுக்கவொண்ணாதெனக் கற்பித்த ஊரிலேயே, அணுவின் உள்ளமைப்பும் வெளிப்பட்டது.

ஆசிரியரின் கொள்கையை மாணாக்கர் வீழ்த்தினார். அதனால் அவ்விருவரிடையே பகைமை விளைந்ததா? இல்லை. 1919 ஆம் ஆண்டிலே தொம்சன் கவெண்டிஷ் பேராசிரியர் பதவியினின்று விலகியபோது, அவ்விடத்தில் வந்தமர்ந்தவர் றதர்போட்டே. அதன் பின்னரும் தொம்சன் அவ்வாய்வுகூடத்தில் ஓரறையிலே தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார். தம் கொள்கையைத் திருத்தியவரின் கீழமைந்த கூடத்திலே தாமும் ஓர் ஆராய்ச்சியாளராய் இருந்து பணிசெய்ய எத்தனை பேர் உடன்படுவர்? அறிவினும் அரியது இப்பண்பு.

ஆய்வுகூடத்தை அவர் நடத்திய முறையும் அறியத்தக்கது. பொருள்வளம் குறைந்த காலத்திலே, மாணாக்கர் செலுத்திய கட்டணத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிடத்தை விரிவாக்கினார். நாடோறும் மாணாக்கர் ஒவ்வொருவருடைய மேசைக்குஞ் சென்று, செய்யும் வேலையைக் கேட்டறிவார். பிற்பகலிலே தேநீர் அருந்தக் கூடும்போது, ஆராய்ச்சி முதல் அரசியல் வரை உரையாடல் நடக்கும். உடையிலே கவனமில்லாதவர், கிரிக்கெற், உதைபந்து ஆட்டங்களைப் பார்ப்பதில் விருப்பமுள்ளவர், செடிகொடிகளிலும் பூக்களிலும் பெரும் பற்றுடையவர். றதர்போட், வில்சன், அஸ்ரன், றிச்சட்சன் எனத் தொடரும் அவர் மாணாக்கர் வரிசையிலே நோபெல் பரிசு பெற்றோர் பலர்.

தமிழர்க்கும் அவரோடு ஒரு தொடர்பு உண்டு. 1918 ஆம் ஆண்டிலே கும்பகோணத்துக் கணித மேதை சீனிவாச இராமானுசன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டபோது, அச்சங்கத்தின் தலைவர் தொம்சன். அவ்வாண்டு ஒக்தோபரில் இராமானுசன் திறினிற்றிக் கல்லூரியின் உறுப்பாளரானபோது, அக்கல்லூரியின் தலைவரும் தொம்சனே. உபகாரச் சம்பளத்தால் அக்கல்லூரியிற் புகுந்த புத்தக வியாபாரியின் மகன் அதன் தலைவராயிருந்த காலத்தில், துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மகன் அதன் உறுப்பாளராயினார்.

இலத்திரன் எவருக்கும் ஒருபோதும் பயன்படாதிருக்குக என்று கவெண்டிஷ் ஆய்வுகூடத்து விருந்துகளிலே வேடிக்கையாக வாழ்த்துக் கூறுவர் என்பது ஒரு செய்தி. அவ்வாழ்த்து முற்றும் பொய்த்தது. வானொலி, கணினி, கைத்தொலைபேசி யாவும் இலத்திரனின் இயக்கத்தாலேயே நடைபெறுகின்றன. சென்ற நூற்றாண்டில் நம் வீடுகளிலிருந்த பெட்டி வடிவான தொலைக்காட்சியின் படக்குழாய், தொம்சன் கையாண்ட கதோட்டுக் கதிர்க் குழாயின் வழித்தோன்றலேயாம். பயனை நாடாது செய்த ஆராய்ச்சியே அளவிறந்த பயனைத் தந்தது.

முன்னர்ச் சொன்ன மைந்தர் ஜோர்ஜ் தொம்சனும் பௌதிகரானார். அவர் 1927 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்திலுள்ள அபடீன் நகரிலே, மெல்லிய தாளினூடே இலத்திரன்களைச் செலுத்திப் பார்த்தார். அப்பாலுள்ள படத்தகட்டிலே வட்ட வளையங்கள் தோன்றின. அலைகளே அத்தகைய வளையங்களைத் தோற்றுவிப்பவை. இலத்திரன் துகளாயிருப்பதோடு அலையின் இயல்பும் உடையதென்பது இவ்வாறு வெளிப்பட்டது. 1937 ஆம் ஆண்டில், அமெரிக்க அறிஞர் டேவிசனோடு அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தந்தை கதிரைத் துகளென நிறுவிப் பரிசு பெற்றார். மைந்தர் அத்துகளுக்கு அலையியல்பும் உண்டென நிறுவிப் பரிசு பெற்றார். துகளோ அலையோ என்று வழக்காடிய பழைய இரு கட்சியினரும் உண்மையின் ஒவ்வொரு பக்கத்தைத் தொட்டவரே போலும். மைந்தர் பரிசு பெற்றபோது எண்பது வயதுத் தந்தையார் உயிரோடிருந்து அதனைக் கண்டார்.

1940 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 30 ஆந் திகதி, தம் எண்பத்து மூன்றாம் வயதிலே, கேம்பிரிட்ஜில் அவர் காலமானார். இலண்டனிலுள்ள வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்திலே, நியூற்றனுடைய சமாதிக்கு அண்மையில் அவரது அஸ்தி வைக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த றதர்போட்டின் அஸ்தியும் அங்கேயே உள்ளது. ஆசிரியரும் மாணாக்கரும் ஈற்றிலும் அயலவராயினர்.

பரீட்சையில் முதன்முறை தவறிய மாணாக்கரும், பொருளின்மையால் எண்ணிய துறைக்குச் செல்லவியலாத மாணாக்கரும் நம் கல்லூரியிலே என்றும் உளர். அவர்கள் இவ்வரலாற்றைப் படித்தல் வேண்டும். கிடைத்த விடையை ஐயுற்று மீண்டும் பார்க்கும் பொறுமையை விஞ்ஞான மாணாக்கர் இதிலிருந்து கற்பாராக. ஆசிரியராகிய எமக்கும் ஒரு பாடமுண்டு. நாம் சொல்லிய சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லும் மாணாக்கர் பரீட்சையில் நமக்குப் பெயர் தருவர். நாம் சொல்லியதைத் திருத்தவல்ல மாணாக்கரோ, நாம் கற்பித்தது வீண்போகவில்லை என்பதைக் காட்டுவர். அத்தகையோர் நம் வகுப்பிலிருந்து எழும்பும் நாளில், தொம்சனைப் போல அவர்க்கு இடம் விட்டு ஒதுங்கி நின்று மகிழும் மனம் நமக்கும் வாய்ப்பதாக.